வெல்டிங்கில் குறை வராமல் தடுப்பது எப்படி?

வெல்டிங் புதிதாகப் பழகுபவர்கள் கண்ணாடி போட்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான குறைகளுக்கு ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) பிடிப்பதற்கு முன்பே வழி திறந்துவிடுகிறது. சாதாரண இரும்பை ராடு (பூச்சுள்ள வெல்டிங் கம்பி) வைத்துப் பற்றவைக்கும் முறையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு அப்புறம் கிரைண்டர் போடுங்கள். மாற்றிச் செய்தால் எண்ணெய் பரவிவிடும். இணைப்பின் இரு பக்கமும் 25 மி.மீ. வரை துருவும் பெயிண்டும் போக வேண்டும். இல்லையென்றால் வெப்பத்தில் கிளம்பும் வாயு உருகிய உலோகத்துக்குள் சிக்கிப் பொத்தல் விழும்.

அடுத்தது ராடு. இதில்தான் அவசரப்படவே கூடாது. 7018 (ராடு வகையின் எண்) போன்ற ஹைட்ரஜன் குறைந்த ராடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன், பீடு (பற்றவைத்த உலோகக் கோடு) ஆறி மணிக்கணக்கான பிறகுகூட விரிசலை உண்டாக்கும். அன்று மாலை பார்த்தபோது நன்றாக இருந்த வேலை இரண்டு நாள் கழித்து வெடித்திருக்கலாம். ஈரம் பட்ட ராடை, தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில் (பொதுவாக 260 முதல் 430 டிகிரி செல்சியஸ்) 2 மணி நேரம் சுட்டு, பயன்படுத்தும் வரை 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வையுங்கள். 6010 ராடை இப்படிச் சுடக்கூடாது. அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை.

தடித்த தகடு என்றால் விளிம்பைச் சாய்த்து V வடிவம் கொடுத்து, அடியில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். டேக்கில் (துண்டுகள் நகராமலிருக்க முதலில் போடும் சிறு பற்றில்) விரிசல் தெரிந்தால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கரண்டை ஒரு துண்டுத் தகட்டில் சோதித்துப் பாருங்கள். 3.15 மி.மீ. 6013 ராடுக்கு ஏறக்குறைய 90 முதல் 130 ஆம்பியர். அதிகமானால் ஓரம் அரித்து அண்டர்கட் (பீடின் ஓரப் பள்ளம்) விழும், குறைந்தால் பீடு மேலே உட்காருமே தவிர இரும்போடு சேராது. ஆர்க் நீளம் ராடின் தடிமனைத் தாண்ட வேண்டாம்.

ஒவ்வொரு ரன்னுக்கு (ஒரு தடவை போடும் பீடு) பிறகும் சிலாக்கை, அதாவது மேலே படியும் கசடை, தட்டி, வயர் பிரஷ் போடுங்கள். முடிக்கும் இடத்தில் ராடைச் சட்டென்று தூக்காமல் குழியை நிரப்புங்கள்.

கடைசியாக, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். சந்தேகமான இடத்தில் சாய ஊடுருவல் சோதனை (சாயம் பூசி நுண்ணிய விரிசலைக் கண்டுபிடிப்பது) செய்யுங்கள். விரிசல் தெரிந்தால் அதன் மேலேயே இன்னொரு ரன் போட்டு மூடாதீர்கள். முழுவதும் தேய்த்தெடுத்து, சாயத்தால் மீண்டும் பார்த்து, மிச்சச் சாயத்தையும் துடைத்த பிறகே பற்றவையுங்கள்.