ஒற்றையா இரட்டையா: எண் அமைப்புகளுக்குக் காரணம் சொல்லப் பழக்குவது எப்படி?

மூன்றாம் வகுப்புக்கு எண் அமைப்புகள் தொடங்கும் நாளில் நான் சாக்பீஸை எடுப்பதில்லை. ஒரு டப்பா புளியங்கொட்டையோடு போகிறேன். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்ததும் 'ஒற்றையா இரட்டையா' ஆட்டம் களைகட்டிவிடும். ஒருவர் கொட்டைகளைக் கைக்குள் மூடி நீட்ட, எதிரில் இருப்பவர் ஊகித்துச் சொல்ல வேண்டும்.

ஐந்து நிமிடம் ஆடவிட்டு விதியை மாற்றுங்கள். இப்போது இருவரும் கையை நீட்டுவார்கள். தன் கையில் இருப்பது ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் சொல்லலாம்; எத்தனை என்று சொல்லக் கூடாது. இரண்டு கைகளையும் சேர்த்தால் என்ன வரும் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். எண்ணிக்கையை மறைப்பதில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. எண் தெரிந்தால் பிள்ளைகள் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். தெரியாதபோது யோசித்தே ஆக வேண்டும்.

நாலைந்து சுற்றுக்குள் யாராவது கத்துவார்கள்: "ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை!" நாம் அவசரப்படுவது இங்கேதான். "சபாஷ்" என்று சொல்லி, விதியை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். போகாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள்.

முதலில் வரும் பதில் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். "3ம் 5ம் 8 டீச்சர். 7ம் 1ம் 8." இவை சாட்சிகள், காரணம் இன்னும் வரவில்லை. ஆனால் தவறு என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளை சுருங்கிப்போகும். "நீ சொன்ன இரண்டும் சரி. 467ம் 891ம் என்றால்? நீ கூட்டிப் பார்க்காத எண்களுக்கும் இப்படித்தான் வரும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நான் மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். அந்த மௌனம் எனக்குக் கைவர நெடுங்காலம் பிடித்தது.

பிறகு கொட்டைகளை ஜோடி ஜோடியாக அடுக்கச் சொல்லுங்கள். ஒற்றைப்படைக் குவியலில் ஒரு கொட்டை தனியாக நிற்கும். ஓர் ஆண்டு, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத சிறுமி ஒருத்தி இரண்டு குவியல்களிலும் மிஞ்சியிருந்த கொட்டைகளை விரலால் நகர்த்திச் சேர்த்துவைத்து, "இதற்கும் ஜோடி இல்லை, அதற்கும் ஜோடி இல்லை. அதனால் இரண்டும் ஜோடி சேர்ந்துகொண்டன" என்றாள். அவள் வாக்கியத்தில் எந்த எண்ணும் இல்லை. எல்லா எண்களுக்கும் அது பொருந்துவது அதனால்தான். அன்று அப்போதுதான் சாக்பீஸை எடுத்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். குழந்தையின் சொற்களைத் திருத்திப் புத்தக நடைக்கு மாற்ற வேண்டாம். மாற்றினால் காரணம் அவளுடையதாக இருக்காது.

இந்த ஜோடிப் பேச்சு பழகிவிட்டால் 4ஆம் வாய்ப்பாட்டில் எல்லா விடைகளும் ஏன் இரட்டைப்படை, 3ஆம் வாய்ப்பாட்டில் ஏன் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருகின்றன என்பவற்றுக்குப் பிள்ளைகளே காரணம் சொல்வார்கள்.

9ஆம் வாய்ப்பாட்டில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். பத்து விரல்களையும் விரித்து, பெருக்கும் எண்ணுக்குரிய விரலை மடக்கி, அதற்கு இடப்பக்க விரல்களைப் பத்துகளாகவும் வலப்பக்க விரல்களை ஒன்றுகளாகவும் எண்ணி விடை சொல்லும் உத்தியைத்தான் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஒருநாள் ஒரு பையன் அதே விரல் கணக்கை 8ஆம் வாய்ப்பாட்டுக்கும் போட்டுவிட்டு, விடை ஏன் தவறு என்று புரியாமல் நின்றான். தவறு என்னுடையது. உத்தியைக் கொடுத்தேன், அது எதனால் வேலை செய்கிறது என்பதைக் கொடுக்கவில்லை.

இப்போது வாய்ப்பாட்டை மெதுவாக, உடைத்துச் சொல்லச் சொல்கிறேன். பதின் எட்டு, இருபத்து ஏழு, முப்பத்து ஆறு, நாற்பத்து ஐந்து. கண்ணை மூடிக் கேட்டாலே முன்பாதி ஏறுவதும் பின்பாதி இறங்குவதும் காதில் விழும். தமிழில் எண்ணுப்பெயர்கள் இப்படி அமைந்திருப்பது நமக்கு வாய்த்த வசதி. பிறகு பத்துக் குச்சிக் கட்டுகளை வைத்துக் கேளுங்கள்: "9 குச்சி சேர்க்க வேண்டும். கட்டைப் பிரிக்காமல் சுலபமாக எப்படிச் சேர்ப்பாய்?" ஒரு கட்டை வைத்து ஒரு குச்சியை எடுத்துவிடலாம் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பத்துகளில் ஒன்று கூடுகிறது, ஒன்றுகளில் ஒன்று குறைகிறது. அதனால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 9 ஆகவே நிற்கிறது. 90க்கு அடுத்து என்ன ஆகும் என்றும் கேளுங்கள். 99 வந்ததும் கூட்டுத்தொகை 18 ஆகிவிடுகிறது. ஒன்றுகளில் எடுக்க எதுவும் இல்லாததால் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று என்று பிள்ளைகள் குச்சியைக் காட்டியே சொல்வார்கள். ஓர் அமைப்பு எங்கே உடைகிறது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அது முழுதாகப் புரிந்திருக்கிறது. 8ஆம் வாய்ப்பாட்டை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு கட்டை வைத்து இரண்டு குச்சி எடுக்க வேண்டும் என்று அவர்களே வந்துவிடுவார்கள்.

வீட்டில் முயல விரும்பும் பெற்றோருக்கு மாதக் காலண்டர் போதும். 8, 9, அவற்றின் கீழே 15, 16 என நான்கு கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்காகக் கூட்டினால் 8ம் 16ம் 24, 9ம் 15ம் 24. வேறு நான்கு கட்டங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுத்துப் பார்க்கட்டும். பிறகு "ஏன்?"

கோலம் இன்னும் வளமானது. ஊடுபுள்ளியில் (ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளிகளை வைப்பது; இடுக்குப்புள்ளி என்றும் சொல்வதுண்டு) 5 புள்ளி வைத்து 1இல் முடித்தால் மொத்தம் எத்தனை? 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1. கூட்டினால் 25. 4 புள்ளிக்கு 16. விடை 5×5, 4×4 என்று கண்டுபிடித்ததும் காரணம் கேளுங்கள். பிள்ளைகள் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். சாய்வாகப் பார்த்தால் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி.

ஒரு மார்கழியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மா போட்ட 15 புள்ளி, 8 முடிய என்ற கோலத்தை எண்ணிக்கொண்டு ஓடிவந்தான். "169 டீச்சர். 13×13! இதுவும் சதுரம்தான்." அவன் எண்ணியது சரி. ஆனால் எவ்வளவு தலை சாய்த்தாலும் 13 வரிசை கிடைக்கவில்லை. நான் ஒன்றும் விளக்கவில்லை. 5 புள்ளி, 3 முடியப் போட்டுப் பார் என்றேன். 19 வந்தது. முகம் வாடி, அப்படியே உட்கார்ந்து புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து நடுப்புள்ளியில் விரலை வைத்தான். அதைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12. தன் அம்மாவின் கோலத்தை மீண்டும் வரைந்து, ஒவ்வொரு சுற்றாக எண்ணத் தொடங்கினான்: 1, 6, 12, 18, 24...