யாரையும் தெரியாத மாணவர் எங்கிருந்து தொடங்குவது?

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவரிடம் "இந்தத் துறையில் உங்களுக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டால், "யாரையும் தெரியாது" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். அதே வகுப்பில் இரண்டு வரிசை தள்ளி அமர்ந்திருப்பவருக்குச் சித்தப்பா வங்கி மேலாளராகவும் அத்தை பேராசிரியராகவும் இருப்பார்கள். எந்த நுழைவுத் தேர்வு எழுதலாம், எந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு என்பதெல்லாம் அவருக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கிடைத்துவிடும். மதிப்பெண்ணில் இருவரும் சமமாக இருந்தும், மூன்றாம் ஆண்டு முடியும்போது ஒருவர் முன்னே போய்விடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வீட்டில் கிடைக்காத அந்தப் பேச்சை வெளியே தேடிக்கொள்ள முடியும். அதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டாம் ஆண்டில் தொடங்குவது நல்லது. கடைசி ஆண்டில் இருப்பவர்கள் இன்றே தொடங்குங்கள்.

படி 1: பெரியவர்களின் பாதையை ஆண்டுவாரியாக எழுதுங்கள்

முன்மாதிரி யார் என்று கேட்டால் நம் மாணவர்கள் உடனே ஒரு பெரிய பெயரைச் சொல்வார்கள். அந்த மரியாதை உண்மையானது. ஆனால் அவரது வெற்றிநாளை மட்டும் பார்த்தால் நாளைக் காலையில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. தொடக்கம் உங்களுடையதைப் போல இருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வந்த வழியை ஒரு தாளில் எழுதுங்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். அவர் படித்த வரிசையைப் பாருங்கள்: விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோ, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல், திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக்., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர்.

இப்படி எழுதும்போதே கேள்விகள் பிறக்கும். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர என்ன வழி? எம்.டெக். சேர்க்கைக்குக் கேட் தேர்வை எப்போது எழுதுவது? இந்தக் கேள்விகளுக்காகத்தான் முன்மாதிரியைத் தேடுகிறோம். இவற்றைக் கேட்க அந்தத் திட்ட இயக்குநரையே தொடர்புகொள்ள வேண்டியதில்லை. உங்களைவிட இரண்டு, மூன்று ஆண்டு முன்னால் அந்த வழியில் போன சீனியருக்கே பதில் தெரியும். வாசல் எங்கே இருக்கிறது என்பது அண்மையில் அதைக் கடந்தவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். எனவே தாளில் மூன்று பெயர்கள் வேண்டும்: தொலைவில் ஒருவர், பத்தாண்டு முன்னால் ஒருவர், மிக அருகில் ஒருவர். மூன்றாவது பெயருக்கே அதிக நேரம் கொடுங்கள்.

படி 2: ஏற்கெனவே அறிந்தவர்களைப் பட்டியலிடுங்கள்

"யாரையும் தெரியாது" என்பது பெரும்பாலும் சரியல்ல. பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியர், கல்லூரி நூலகர், ஆய்வக உதவியாளர், அப்பா கணக்கு காட்டப் போகும் ஆடிட்டர், அடுத்த தெருவில் குடியிருக்கும் செவிலியர், பக்கத்து ஊரிலிருந்து படித்து வேலைக்குப் போன அண்ணன் என எல்லாரையும் எழுதுங்கள். குறிப்பாக ஆய்வக உதவியாளரை விட்டுவிடாதீர்கள். துறையில் இருபது ஆண்டுகளாகப் படித்துப் போன மாணவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது பல கல்லூரிகளில் அவருக்குத்தான் தெரியும்.

நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரையொட்டிய நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறியவர்களிடம் விசாரித்து, 1973-இல் முடிவை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் சுமார் 17 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்தித்தவர்களிடமிருந்தே தகவல் பெற்றிருந்தார்கள். காரணம் எளிது: நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். புதிய செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும்.

படி 3: காட்டுவதற்கு ஒன்று வைத்திருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

கும்பகோணத்து ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார், அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி வியந்தார் என்று கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். நடந்தது அவ்வளவு குறுகியதல்ல. 1910-இல் அவர் வேலை கேட்டு, கணித நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டுகளைப் பார்த்த அவர், ராமானுஜனைச் சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அறிமுகக் கடிதத்துடன் அனுப்பினார். அவர்களில் ஒருவரான சேஷு ஐயர், நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவ் சில காலம் மாதாமாதம் பண உதவி செய்தார். 1911-இல் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதத்தின் தேதி 1913 ஜனவரி 16. அதற்கு முன் கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பயன் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு கதவிலும் அவர் கையில் நோட்டு இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்தான் அடுத்த கதவைக் காட்டினார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று அவருக்கு உதவியவர்களில் பலர் அவருடைய சமூகப் பின்னணியைச் சேர்ந்தவர்கள். அவர்களது வாசலுக்குப் போவது அவருக்கு ஓரளவு எளிதாக இருந்தது. அந்த வசதி இல்லாத குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்குக் கையில் இருக்கும் வேலையே அறிமுகக் கடிதம். அதனால்தான் இந்தப் படியை வலியுறுத்துகிறேன்.

உங்கள் நோட்டு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வேதியியல் மாணவர் ஊர்க் கிணறுகளின் நீரைச் சோதித்து ஓர் அட்டவணை தயாரிக்கலாம். வணிகவியல் மாணவர் தெருமுனை மளிகைக் கடையின் மூன்று மாதக் கொள்முதலை, கடைக்காரரின் அனுமதியுடன் ஆராய்ந்து இரண்டு பக்கம் எழுதலாம். தமிழ் மாணவர் ஊர்ப் பாட்டிகளிடமிருந்து தாலாட்டுகளைப் பதிவுசெய்து எழுத்தாக்கலாம்.

படி 4: கடிதம் எழுதுங்கள்

முன்பின் அறியாதவருக்கு மின்னஞ்சல் எழுதும்போது நான்கு செய்திகள் போதும்: நீங்கள் யார், என்ன செய்திருக்கிறீர்கள், அவரது எந்த வேலையைப் படித்தீர்கள், ஒரே ஒரு கேள்வி. மாதிரிக்கு ஒன்று:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் நாகப்பட்டினத்தில் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊரில் கிணற்று நீர் உப்பாகி வருவதால், ஆறு கிணறுகளில் மாதிரி எடுத்துக் கல்லூரி ஆய்வகத்தில் குளோரைடு அளவைக் கண்டறிந்தேன். கடலோரக் கிணறுகள் பற்றிய உங்கள் கட்டுரையில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அளந்திருக்கிறீர்கள். என்னிடம் கோடைக்கால அளவு மட்டுமே உள்ளது. இதை வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? அட்டவணையை ஒரே பக்கமாக இணைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதினால் போதும். நன்றி."

இதில் வேலை கேட்கவில்லை. "எனக்கு வழிகாட்டுங்கள்" என்ற அளவற்ற பாரத்தையும் அவர்மேல் வைக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய கேள்வி மட்டுமே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும் இதே வரிசையில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, ஆங்கில ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பாதீர்கள். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். அவருக்கு நேரமில்லை என்பதைத் தவிர அதில் வேறு பொருள் தேட வேண்டாம்.

சீனியருக்கு இவ்வளவு முறைமை தேவையில்லை. "அக்கா, வணக்கம். நான் நம் கல்லூரி வணிகவியல் இரண்டாம் ஆண்டு. துறை ஆசிரியர் உங்கள் எண்ணைத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும். எண்ணை யார் தந்தார் என்பதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 5: ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

லிங்க்ட்இன் தளத்தில் உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால், முன்னாள் மாணவர்கள் என்ற பகுதி இருக்கும். அவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அங்கே வடிகட்டிப் பார்க்கலாம்.

சென்னையிலும் அதன் அருகிலும் இருப்பவர்கள் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பொது உரைகளுக்குப் போகலாம். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு மாவட்டங்களில் கிளைகள் உண்டு. அங்கே ஒரு நிகழ்ச்சிக்கு நாற்காலி போட உதவினாலே நான்கு ஆசிரியர்கள் அறிமுகமாவார்கள். அறிவியல், பொறியியல் மாணவர்கள் மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையைக் கவனியுங்கள். தேர்வானால் இரண்டு மாதம் ஓர் ஆய்வாளருடன் வேலை செய்யலாம். உரை கேட்கப் போனால் முடிந்ததும் எழுந்து ஓடாமல், ஒரு கேள்வியோடு பேச்சாளருக்காகக் காத்திருங்கள்.

படி 6: பேசிய பிறகு

சந்திப்பில் "எப்படி வெற்றி பெற்றீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "என் வயதில் நீங்கள் எதில் நேரத்தை வீணாக்கினீர்கள்?", "உங்கள் வேலையில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்?", "நான் அடுத்து யாரிடம் பேசலாம்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். திருக்கோவிலூரிலிருந்து சென்னைக்கு ராமானுஜன் போனது அந்த வகையில்தான்.

அன்று இரவே நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதில் ஒன்றைச் செய்துபார்த்து, சில வாரங்களில் முடிவைத் தெரிவியுங்கள்: "நீங்கள் சொன்னபடி மழைக்குப் பிறகும் அளந்தேன் அம்மா, மூன்று கிணறுகளில் அளவு குறைந்திருக்கிறது." அறிவுரை கேட்பவர்கள் பலர், செய்துவிட்டுத் திரும்பி வந்து சொல்பவர்கள் மிகக் குறைவு. ஒருமுறை பேசியவர் உங்களை நினைவில் வைத்துக்கொள்வது இந்தச் செய்தியால்தான். யாரிடம், எப்போது, என்ன பேசினீர்கள், என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை

இன்டர்ன்ஷிப் தருகிறேன், அதற்கு முன்பணம் கட்டுங்கள் என்று தெரியாதவர் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். ஆதார் எண்ணையோ வங்கி விவரத்தையோ அறிமுகப் பேச்சில் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. முதல் சந்திப்பை அலுவலகம், நூலகம், கல்லூரி வளாகம் போன்ற பொது இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் இடத்தை வீட்டிலோ விடுதியிலோ சொல்லிவிட்டுப் போங்கள், தோழியோ நண்பரோ உடன் வரட்டும். எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரானாலும், பேச்சு படிப்பை விட்டு விலகி உங்களுக்குச் சங்கடம் தரும் இடத்துக்குப் போனால், காரணம் சொல்லாமலே எழுந்து வந்துவிடலாம். குறுஞ்செய்திகளை அழிக்காமல், நம்பிக்கையான ஆசிரியரிடமோ கல்லூரியின் உள்புகார் குழுவிடமோ காட்டுங்கள்.