உயர்தரம் முடித்த பிள்ளைகளைப் பங்கோடு சேர்த்துக்கொள்வது எப்படி?

உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனமும் முடிந்து உயர்தரமும் எழுதியபின், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு இல்லை; பங்கில், அதாவது தங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், வேறு வேலையும் கிடைப்பதில்லை. பூசைக்குப் பின்வரிசையில் நிற்பார்கள், பிறகு வெளியே மரத்தடியில், பிறகு வரவே மாட்டார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பங்குகளில் இதை மாற்ற நினைப்பவர்களுக்கான ஒழுங்கு இது.

1. பட்டியல் எடுங்கள். பங்குப் பதிவேட்டில் 18 முதல் 25 வயது வரையானோரைக் குறியுங்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் அறை எடுத்துப் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் அதில் இருக்கமாட்டார்கள். அன்பியங்களில் (அயல்வீட்டார் கூடிச் செபிக்கும் சிறு குழுக்களில்) விசாரியுங்கள்.

2. வீட்டுக்குப் போங்கள். பூசை முடிவில் அறிவித்தால் ஏற்கெனவே வருபவர்தான் வருவார். ஒரு பெரியவரும் அதே வயதுள்ள ஒருவரும் சேர்ந்து போவது நல்லது. "ஏன் பூசைக்கு வாறதில்லை?" என்று தொடங்கினால் பேச்சு அதோடு சரி. டியூஷன், கடைவேலை போக எந்த நேரம் ஏலும் என்று கேளுங்கள்.

3. முடிவுள்ள சிறு வேலை கொடுங்கள். எடுத்த எடுப்பில் செயலாளர் பதவி கொடுத்தால் மூன்றாம் மாதம் ஆளைக் காணக் கிடைக்காது. ஒரு ஞாயிறு வாசகம் போதும். வாசகத்தைப் புதன்கிழமையே கையில் கொடுங்கள்; பூசை தொடங்கும்போது கொடுத்தால் "தெசலோனிக்கர்" என்ற இடத்தில் நாக்குத் தடுக்கும், அடுத்த முறை கேட்டால் மாட்டேன் என்பார். சனி பின்னேரம் வெறும் கோயிலில், மைக்கைப் போட்டு இரண்டு தடவை வாசிக்க வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. "முதல் வாசகம்" என்ற தலைப்பை வாசிக்கத் தேவையில்லை. "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்றே தொடங்கலாம். பழையவர்களும் விடும் பிழை இது!

4. இளையோர் கூட்டம் மாதம் ஒன்று, ஒரு மணிநேரம். இருட்டுமுன் முடியுங்கள், பெண்பிள்ளைகளுக்கு பஸ் வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் இருந்தால் பெற்றோரின் சம்மதமும் இரண்டு பெரியவர்களும் கட்டாயம்.

5. முடிவெடுக்க விடுங்கள். இளையோர் பணியை இளையோரே முன்னெடுக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் 'கிறிஸ்து வாழ்கிறார்' மடலில் எழுதியிருக்கிறார். நம்மிடம் கதிரை அடுக்குவது மட்டும்தான் அவர்களுக்கு! பங்குச் சபையில் ஓர் இடம் கொடுங்கள். ஆயித்தியமலை மாதா திருத்தல யாத்திரைக்குத் தண்ணீர், வாகன ஒழுங்கை, செலவுக் கணக்கு உட்பட, அவர்களிடமே விடுங்கள். வேலை செய்தவர்களின் பெயர், தொலைபேசி எண்ணை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போகிறவருக்கு, அங்கே தமிழ்ப் பூசை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் விசாரித்துப் பயணத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.