தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை ஹம்ப்பில் உரசாமல் ஏற்றி இறக்க

சிங்கப்பூரில் தாழ்வான கார் அதிகம் அடிவாங்கும் இடங்கள் மூன்று: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவு, கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வாசலில் போல்ட் போட்டு இறுக்கிய ரப்பர் ஹம்ப் (வேகத்தடை), நிலத்தடி கார் நிறுத்துமிட நுழைவாயில். பெரிய சாலைகளில் ஹம்ப் பயமில்லை.

1. முதலில் அளவு

பெட்ரோல் நிரப்பி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, சமதரையில் அளக்கவும். இரண்டு எண்கள் போதும். ஒன்று, முன் பம்பர் லிப்புக்கும் (பம்பரின் கீழ் விளிம்பு) தரைக்கும் உள்ள உயரம். மற்றொன்று, இரு அச்சுகளுக்கு நடுவே வயிற்றுப் பகுதியின் உயரம். அட்டையை வெட்டி அடியில் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். புரோஷரில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது லிப்பின் உயரமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. டயர் காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் சரிபார்க்கவும்.

2. பிரேக்கை எப்போது விடுவது?

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் லிப் 11 செ.மீ., வயிறு 13 செ.மீ. உயரம். ரப்பர் ஹம்ப் 7 செ.மீ. கணக்குப்படி எதுவுமே தட்டக்கூடாது. லிப்புக்கு 4 செ.மீ., வயிற்றுக்கு 6 செ.மீ. மிச்சம். ஆனாலும் 'கர்ர்ர்' என்று சத்தம் வருகிறதே, ஏன்?

பிரேக் மிதித்தபடியே ஹம்ப்புக்கு வருவதால்தான். எடை முன்னே சாய, மூக்கு குனிகிறது. மிச்சமிருந்த 4 செ.மீ. அங்கேயே கரைந்துவிடுகிறது. எனவே ஹம்ப்புக்கு ஒரு கார் நீளம் முன்பே ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள். லிப் ஹம்ப்பை நெருங்குமுன் காலை பிரேக்கிலிருந்து முழுக்க எடுங்கள். மூக்கு தானாக எழும். ஆட்டோ கியர் என்றால் ஆக்சிலரேட்டரே வேண்டாம், ஊர்ந்து போகும். மேனுவலில் முதல் கியர். கிளட்சைப் பாதி மிதித்து இழுத்துக்கொண்டே இருக்காமல் மெல்ல விடவும்.

ஏறியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தால் அடுத்த தப்பு. முன்சக்கரம் 'பொத்' என்று இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கும். அந்த நொடியில் ஹம்ப் எங்கே இருக்கிறது? முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுக்கு நேர் கீழே. கீறல் பெரும்பாலும் அங்கேதான் விழும். ஆகவே இறங்கும்போதுதான் இன்னும் மெதுவாகப் போகவேண்டும். இறங்கும் வேகத்தைக் குறைக்க பிரேக்கை லேசாகத் தொடலாம், வெடுக்கென்று அழுத்தக்கூடாது.

பின்சக்கரம் ஏறும்போது மூக்கு இன்னொரு முறை தாழும். சமதரை என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு ஹம்ப் நெருக்கமாக இருக்கும் கொண்டோக்களில் மட்டும் முதலாவதில் பின்சக்கரம் ஏறும் நேரத்தில் இரண்டாவது ஹம்ப் லிப்புக்கு முன் நிற்கும். அங்கே பொறுமை வேண்டும்.

3. குறுக்காகப் போகலாமா?

சரிவுகளில் உதவும். பம்பரின் ஓரம் வளைந்து மேலேறி இருப்பதால், குறுக்காகப் போனால் லிப்பின் நடுப்பகுதி தட்டுமுன் ஒரு சக்கரம் ஏறிவிடும். ஆனால் இருவழிச் சாலையில் எதிர்த் தடத்துக்குள் மூக்கை நீட்டாதீர்கள். பின்னால் மோட்டார்சைக்கிள் வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வீவக பலமாடிச் சரிவில் நடுவே திண்டு இருந்தால் குறுக்கே போக இடமே கிடைக்காது. நேராக, மெதுவாக.

4. நிலத்தடி வாசல்

கீழே இறங்கவேண்டிய கார் நிறுத்துமிடத்தில் முதலில் ஏன் மேலே ஏற்றுகிறார்கள்? மழைவெள்ளம் உள்ளே புகாமல் இருக்க. பொதுப் பயனீட்டுக் கழக (PUB, நீர் அமைப்பு) விதிப்படி கட்டிய மேடு அது. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் முகட்டில் முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், நடுவில் வயிறு. சக்கரங்களுக்கு இடையே நீளம் கூடிய காருக்கு இங்கே ஆபத்து அதிகம்.

மூக்கைத் தூக்கும் லிஃப்ட் வசதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். முன்னே 4 செ.மீ. தூக்கினால் நடுவில் கிடைப்பது ஏறக்குறைய 2 செ.மீ.தான். லிப்புக்கு அது வரம். முகட்டுக்குப் பாதி உதவி. பக்கத்தில் அமர்ந்திருப்பவரை இறங்கி நடக்கச் சொல்வதும் கொஞ்சம் உதவும். அத்தையாக இருந்தால் கொஞ்சம் பணிவாகக் கேளுங்கள்.

5. சக்கரத் தடுப்பு

கார் நிறுத்தத்தின் கான்கிரீட் தடுப்புக்கு நேரே மூக்கை விடாதீர்கள். லிப் அதன் மேல் ஏறிவிட்டால் பின்னால் எடுக்கும்போது பம்பரே கழன்று வரும். பின்புறமாக நிறுத்துங்கள்; பின் பம்பர் பெரும்பாலும் உயரமாக இருக்கும். எக்ஸாஸ்ட் தாழ்வாக இருந்தால் மட்டும் இறங்கிப் பார்க்கவும்.

6. பள்ளம், இரும்புத் தகடு

சாலைவேலை நடக்கும் இடத்து இரும்புத் தகடு மழையில் வழுக்கும். அதன் மேல் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் நேராகக் கடக்கவும்.

பள்ளம் என்றால் முன்பே பிரேக், சக்கரம் விழும்போது பிரேக் கூடாது. காரணம் டயர் அளவில் இருக்கிறது. 205/55 டயரின் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55%) பக்கச்சுவர் சுமார் 11 செ.மீ.; 245/35 என்றால் 8.6 செ.மீ. மட்டும். பிரேக்கால் எடை முன்னே கூடியிருக்கும்போது விழுந்தால் ரிம் நேரே அடிவாங்கும். பிறகு பக்கச்சுவரில் மொட்டு போலப் புடைத்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். ஒட்டுப்போட முடியாது, டயரை மாற்றவேண்டும். நீங்கள் பார்த்த பள்ளத்தை, பொதுக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போட்டுவிடுங்கள்.

ஜொகூர் கம்பத்து (கிராமத்து) சாலைகளில் பெயின்ட் அடிக்காத தார் மேடுகள் வரும். இரவில் முன்னே போகும் காரின் பின்விளக்கு துள்ளுகிறதா என்று கவனித்தால் முன்கூட்டியே தெரியும்.

எதற்குச் செலவழிக்கலாம்?

லிப்புக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை நல்லது. ஒட்டுமுன் ஆல்கஹால் போட்டுத் துடைக்காவிட்டால் ஒரு மழைக்கே கழன்றுவிடும். பட்டையே ஒரு செ.மீ. உயரத்தைத் தின்றுவிடாத மெல்லியதாக வாங்குங்கள். கார்பன் லிப் வேண்டவே வேண்டாம்: உரசினால் பிளந்துவிடும். பாலியூரித்தேன் வளையும், விலையும் குறைவு. இருக்கிற உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குக்குக் காசு கொடுப்பவர்கள் இந்தப் பதிவை இன்னொரு முறை மேலிருந்து படிக்கலாம்.

பின்சேர்ப்பு: உரசிய பிறகு விரைவுச்சாலையில் அடியில் படபடவென்று சத்தம் வருவதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். அடித்தட்டின் பிளாஸ்டிக் கிளிப் தெறித்துப்போனதால் காற்றில் தட்டு அடித்துக்கொள்கிறது. அப்படியே ஓட்டினால் முழுத் தட்டும் கிழிந்து சாலையில் விழும். பட்டறைக்குப் போகும்வரை கேபிள் டை போட்டுக் கட்டலாம். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் மட்டும் கட்டாதீர்கள், உருகிவிடும்.