வன்னியிலிருந்து தீவுக்குக் குடிபோகிறீர்களா? கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சியில் நாலு பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்காவது யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் பூர்வீகம் இருக்கும். அம்மம்மா நெடுந்தீவு, அப்பு புங்குடுதீவு என்பார்கள். காடு வெட்டி வயல் செய்ய வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இப்போது கேள்வி மறுபக்கமாக வருகிறது: "தீவுப் பக்கம் போய் இருக்கலாமோ? எந்தத் தீவு நல்லது?" போன வருடம் என் மச்சானும் இதைத்தான் கேட்டான். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி ஒவ்வொரு தீவாகப் போய்ப் பார்த்தோம். அதில் பிடிபட்டதை ஒழுங்குபடி எழுதுகிறேன்.

படி 1: பாலமா, படகா?

ஒரு தாளை எடுத்து இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் தரை வழியால் போகக்கூடியவை: பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து வாணர் பாலத்தால் புங்குடுதீவு, பொன்னாலைப் பக்கத்தால் காரைநகர். மன்னாரையும் இதில் எழுதுங்கள். தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டிப் போகும்போது யாரும் நினைப்பதில்லை, ஆனால் அதுவும் தீவுதான். மறுபக்கம் படகுத் தீவுகள்: நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. தினமும் வேலைக்கு யாழ்ப்பாணம் போக வேண்டியவர் இரண்டாம் பக்கத்தை அப்படியே கிழித்துவிடலாம்.

படி 2: ஆவணியில் போய்த் தண்ணீர் குடித்துப் பாருங்கள்

வன்னியாருக்குத் தண்ணீர் என்றால் குளம். இரணைமடு நிறைந்தால் கிணறும் ஊறும், மோட்டரைப் போட்டு நாள் முழுக்க இறைப்போம். தீவில் அந்தக் கை பழக்கம் சரிவராது. அங்கே மாரி மழை நிலத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீருக்கு மேலே பாலாடை போல மிதக்கிறது. குடிக்கும் தண்ணீர் அந்த ஆடைதான். பெரிய பம்பைப் போட்டு ஒரேயடியாக இழுத்தால் ஆடை கிழிந்து கீழே உள்ள உப்பு மேலே வரும். பிறகு அந்தக் கிணறு எப்போது திருந்தும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே தை, மாசியில் போய்க் கிணறு பார்க்காதீர்கள். புங்குடுதீவில் ஒரு ஆச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, மாசியில வந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்." ஆவணி, புரட்டாதியில், வெயில் நிலத்தை உறிஞ்சி முடித்த பிறகு போங்கள். கூடவே ஒரு சவர்க்காரத் துண்டு, தேயிலை, ஒரு பிடி பருப்பு. கையில் தண்ணீர் ஊற்றிச் சவர்க்காரம் தேயுங்கள். நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரண்டால் கடினத் தண்ணீர். பருப்பு அவிய மறுத்தாலும் அதே கதை. உப்பைத் தேத்தண்ணி காட்டிக்கொடுக்கும். நாங்கள் பார்த்த ஒரு வளவில் சீனி மூன்று கரண்டி போட்டும் மச்சான் முகம் சுளித்துக் கோப்பையைக் கீழே வைத்தான். வீடு நல்ல வீடு. விட்டுவிட்டு வந்தோம்.

ஒரே தீவுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. வேலணைத் தீவில் சாட்டி, மண்கும்பான், அல்லைப்பிட்டி பக்கம் மணற்பாங்கு, நன்னீர் கிடைக்கும். சாட்டித் தண்ணீரை மற்ற இடங்களுக்கும் ஏற்றுவார்கள். நெடுந்தீவிலும் சாறாப்பிட்டிக் கிணறுகளுக்குப் பெயர் உண்டு. புங்குடுதீவில் காணி பார்க்கிறவர் பக்கத்து வீட்டில் ஒன்று மட்டும் கேட்டால் போதும்: "பவுசர் தண்ணி கிழமைக்கு எத்தனை தரம் வாங்குறியள்?"

படி 3: திரும்பி வரும் படகைக் கேளுங்கள்

போகும் படகை எல்லோரும் கேட்பார்கள். கடைசியாகத் திரும்பும் படகு எத்தனை மணிக்கு, காற்றுக் கிளம்பினால் ஓடுமா என்பதுதான் கேள்வி. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவு ஒரு மணித்தியாலம், அதுவும் திறந்த கடல். நாங்கள் போனது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம். அன்று மத்தியானம் கடல் எழும்பி, படகு கட்டியபடியே நின்றது. ஒரு நாளுக்கென்று போனவர்கள் இரண்டு இரவு தங்கினோம். பவளக்கல் அடுக்கிய வேலிகளையும் காட்டுக் குதிரைகளையும் ஆற அமரப் பார்த்தோம், அது வேறு விஷயம். வீட்டில் வயதான அம்மா இருந்து, இரவில் நெஞ்சு நோகிறது என்றால் அந்தக் கடலைத் தாண்ட வேண்டும். வேலணைத் தீவுக்காரருக்கு ஊர்காவற்றுறையிலேயே ஆதார வைத்தியசாலை உண்டு.

வீடு கட்டும் கணக்கும் இதற்குள் வரும். ஒரு மூட்டை சீமெந்து லொறியில் ஏறி, துறையில் இறங்கி, படகில் ஏறி, மறுகரையில் உழவு இயந்திரத்தில் ஏறி உங்கள் வளவுக்கு வரும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கூலி.

படி 4: உறுதியைப் பிரித்துப் படியுங்கள்

எங்களில் பலருக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிதான் பழக்கம். தீவில் பெரும்பாலும் பரம்பரை உறுதிக் காணி, அதில் "பிரிபடாத பங்கு" என்ற சொல்லைத் தேடுங்கள். பத்துப் பரப்புக் காணியில் ஒரு பங்குதான் விற்கிறவரிடம் இருக்கும், மிச்சப் பங்குக்காரர் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருப்பார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. அவருக்கு அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இரணைதீவு?

முழங்காவில் பக்கத்தார் கட்டாயம் கேட்பார்கள். பெரியதீவு, சின்னதீவு என்று இரண்டு, எங்கள் கிளிநொச்சி மாவட்டத்துக்குள்ளேயே. 1992இல் இடம்பெயர்ந்த சனம் இக்கரையில் இரணைமாதா நகரில் இருந்துகொண்டு, ஊர் திரும்பக் கேட்டு 2017இல் போராட்டம் தொடங்கி, 2018 சித்திரையில் தாங்களே வள்ளத்தில் போய் இறங்கினார்கள். இன்றும் பிள்ளைகளின் படிப்புக்காக இக்கரையிலும் தொழிலுக்காக அக்கரையிலுமாக இரண்டு அடுப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அது காணி தேடிப் போகும் இடமில்லை. அந்த ஊரவர் என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

படி 5: வாங்க முன் வாடகைக்கு இருங்கள்

ஒரு கோடை, ஒரு மாரி. மச்சான் இப்போது மண்கும்பானில் வாடகை வீட்டில் இருக்கிறான். வளவு பிடித்துவிட்டது, விலையும் பேசியாகிவிட்டது. காசு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. வரும் புரட்டாதியில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றுவோம், வா என்றிருக்கிறான்.