பணியாளரின் இலக்குகளுக்கு இடம்தரும் பட்டறை: கோவைச் சிறுதொழில் முதலாளிகளுக்கு ஒரு வழிமுறை

பதினைந்து முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்யும் பட்டறைகளைக் கோவையில் நடத்துவோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை என எங்கு சென்றாலும் முதலாளிகள் சொல்லும் குறை ஒன்றுதான்: கைதேர்ந்த டர்னர் (லேத் எந்திரத்தில் உலோகத்தைக் கடைபவர்) கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. சம்பளத்தைக் கூட்டினால் அடுத்த தெருவில் அதைவிட ஆயிரம் ரூபாய் கூட்டித் தருகிறார்கள். ஒருவர் தம் தொழிலிலும் குடும்பத்திலும் எதை எட்ட நினைக்கிறார் என்பதைக் கேட்டறிந்து, அதற்கு ஷிஃப்டிலும் பயிற்சியிலும் பணத்திலும் வழிசெய்து தரும் இடத்தில்தான் ஆட்கள் நிலைத்து வேலை செய்கிறார்கள். அந்த இலக்கு அவரை உங்கள் பட்டறையிலிருந்து வெளியே அழைத்துச் செல்வதாக இருந்தாலும் துணைநிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடிப்படையைச் சரிசெய்யாமல் இதைத் தொடங்கக் கூடாது. மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் கைக்கு வராத இடத்தில் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), மிகுநேர வேலைக்கான கூலி, தீபாவளி போனஸ் ஆகியவை அவர்களுக்குச் சேர வேண்டியவை. அவற்றைச் சலுகையாகச் சொல்லிக் காட்டும் வழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

அடுத்து, கேட்பது. ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்க, அவர் கைகட்டி நின்றபடி பதில் சொல்லும் பேச்சில் எதுவும் வெளிவராது. போர்மேனும் (வேலையை மேற்பார்ப்பவர்) உடன் இருக்கக் கூடாது. “இன்னும் மூணு வருசத்துல என்ன செய்யணும்னு நெனைக்கறீங்க?”, “வீட்டுல அடுத்து பெரிய செலவு என்ன வருதுங்க?” என்ற இரண்டு கேள்விகள் போதும். முதல் முறை பெரும்பாலும் “ஒண்ணுமில்லீங்க, இப்படியே போனாப் போதும்ங்க” என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டு அவருக்கு இலக்கே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலாளியிடம் மனத்தில் உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் சொன்ன சிறிய விஷயம் ஒன்று, எடுத்துக்காட்டாக வெள்ளிக்கிழமை மாலை குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்பது, அடுத்த வாரமே நடந்துவிட்டால் மற்றவர்களும் பேசத் தொடங்குவார்கள். கேட்டதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முடியாததை முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். கடன், நோய், குடும்பச் சிக்கல் ஆகியவற்றை அவராகச் சொன்னாலன்றித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னவை உங்களோடு நிற்கட்டும்.

பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இருந்தால், அவர்களை அழைத்துவந்த ஆளைத் தவிர்த்து, மொழி தெரிந்த வேறொருவரை வைத்துப் பேச வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் ஒரு மாதமேனும் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதே அவர்களில் பலரின் முதல் விருப்பமாக இருக்கும். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பே திறந்துவிடுவதால், கடைசி வாரத்தில் தரும் விடுப்பால் அவர்களுக்குப் பயனில்லை. எந்த மாதத்தில் யார் ஊருக்குப் போகிறார் என்பதை மூன்று மாதம் முன்னதாகவே எழுதி உறுதிசெய்துவிட்டால், சொல்லாமல் கிளம்பிப் போவது பெருமளவு நின்றுவிடும்.

இனி ஷிஃப்ட். பணியாளரின் முயற்சிகள் அதிகம் முறிந்துபோவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் படிப்பதற்கென்றே கோவைப் பொறியியல் கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. மாலை வகுப்புகள் நடந்துவருகின்றன. ஆனால் வாரத்துக்கு வாரம் மாறும் சுழற்சி ஷிஃப்டில் இருப்பவர் ஒரு வாரம் வகுப்புக்குப் போய் மறுவாரம் நின்றுவிட நேர்கிறது; அவர் முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிடுவதில் வியப்பில்லை. படிப்பவருக்கு அந்தப் பருவம் முழுவதும் பகல் ஷிஃப்டை நிலையாக ஒதுக்குங்கள். அதனால் இரவு ஷிஃப்டின் சுமை மற்றவர்கள் மேல் விழும் என்பது உண்மை. அதற்கு ஈடாக இரவு வேலைக்குத் தனிப்படி கொடுங்கள், விரும்பி ஏற்பவர்களை முதலில் கேளுங்கள். அஞ்சல்வழியிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களின் தேர்வு நாட்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அட்டவணை வந்த அன்றே அதை ஷிஃப்ட் போர்டில் குறித்துவிட்டால், தேர்வுக்கு முந்திய இரவு “ஒரு நாலு மணி நேரம் ஓ.டி. நிக்க முடியுமா” என்று கேட்கும் நிலை வராது.

தொழிலில் முன்னேறும் பாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். உதவியாளர், ஆபரேட்டர், செட்டர் (மெஷினை வேலைக்கு ஏற்ப அமைப்பவர்), புரோகிராமர் (மெஷினுக்கான கட்டளைகளை எழுதுபவர்) என்ற நான்கு படிகளையும், ஒவ்வொரு படிக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் எவ்வளவு கூடும் என்பதையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி இயங்கும் மெஷின்) ஆபரேட்டர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஜாப்பை (செய்யப்படும் உதிரிபாகத்தை) மாட்டிக் கழற்றிப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அவருடைய திறமைக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆஃப்செட் (டூலின் நிலைக்கான திருத்த அளவு) போடவோ டூலை மாற்றி முதல் பீஸை அளந்து பார்க்கவோ அவருக்கு மெஷின் தரப்படவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கிறது. ஓடும் மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும் என்ற அச்சம் நியாயமானது. பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் கோடைக்கு முந்திய மாதங்களில் ஆர்டர் நெருக்கும், மழைக்காலத்தில் தளரும். அந்தத் தளர்ந்த மாதங்களில் வாரத்துக்கு நான்கு மணி நேரத்தைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, அதை வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கூலி கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் வந்து கற்கச் சொன்னால், குடும்பப் பொறுப்புள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், தாமாகவே விலகிப்போய்விடுவார்கள்.

பெண்கள் வேலை செய்யும் அசெம்பிளி, காயில் வைண்டிங் (மோட்டாருக்குக் கம்பி சுற்றுதல்) பிரிவுகளில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: திருமணமான இளம்பெண்ணை எடுத்தால் பேறுகால விடுப்புச் சம்பளம் நம் தலையில் விழும் என்பது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு என்பது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அந்தப் பெண் இஎஸ்ஐயில் பதிவாகி, வேண்டிய நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், அக்காலத்துக்கான தொகையை இஎஸ்ஐ கழகமே கொடுக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இஎஸ்ஐயில் அடங்குவதால் சிறு பட்டறைப் பெண்களில் பெரும்பாலோருக்கு இது பொருந்தும். ஆகவே உங்கள் பொறுப்பு அவர் திரும்பி வரும்போது அதே இடத்தை, அதே சம்பளப் படியில் வைத்திருப்பதுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழு உறுப்பினர்களின் பெயர்களையும் கைப்பேசி எண்களையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். கடனுக்காக நிற்பவர் மனம் ஒன்றி வேலை செய்ய மாட்டார், ஒருநாள் கடனோடு காணாமல் போவார். தேவைக்கு முன்பணம் கொடுங்கள், ஆனால் வட்டியில்லாமல், எத்தனை மாதத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதை எழுதிக் கையில் கொடுத்து, இடையில் வேலையை விட விரும்பினாலும் தடையில்லை என்ற தெளிவோடு கொடுங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் ஆண்டுதோறும் வருவது. ஜனவரியிலிருந்தே மாதம் ஒரு சிறு தொகையைப் பிடித்து அவர் பெயரிலேயே வங்கியில் சேர்க்க விரும்புகிறாரா என்று கேட்கலாம். வீடு, திருமணம், பிள்ளைகளின் மேற்படிப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்குப் பிஎஃப் பணத்தில் ஒரு பகுதியை எடுக்க வழியிருந்தும், ஆதாரில் ஒரு மாதிரியும் பிஎஃப் கணக்கில் வேறு மாதிரியும் பெயர் இருப்பதால் பலரின் விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது. நம் ஊரில் முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் இருக்கும், மற்றோரிடத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். உங்கள் கணக்கர் ஒரு நாள் உட்கார்ந்து எல்லோருடைய பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தால், அவசரத்துக்கு அவர்களின் பணம் அவர்களுக்குக் கிடைக்கும்.

இவ்வளவையும் நீங்கள் ஏற்றுக்கொண்டாலும், நாள்தோறும் ஆட்களோடு நிற்பவர் போர்மேன். பீஸ் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை மதிப்பிட்டால், அவர் யாருக்கும் பயிற்சிக்கு நேரம் விட மாட்டார். இந்த ஆண்டு எத்தனை பேரை அடுத்த படிக்கு ஏற்றினார் என்பதையும் அவருடைய ஊக்கத்தொகையில் சேருங்கள்.

கடைசியாக, சொந்தப் பட்டறை வைக்க விரும்புகிறவர். கோவையில் இன்று முதலாளிகளாக இருக்கும் பலர் ஒரு காலத்தில் இன்னொருவரின் லேத்தில் நின்றவர்கள்தாம். ஆகவே இந்த ஆசையைத் துரோகமாகப் பார்ப்பதற்கு நியாயமே இல்லை. அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது, வெளியே போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது போன்ற வழக்கங்கள் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவரிடம் வெளிப்படையாகப் பேசி, ஓராண்டுக்கு முன்பே அவர் சொல்லக்கூடிய நிலையை உண்டாக்குங்கள். அந்த ஓராண்டில் பொருள் கொள்முதல், ஜாப் விலை கணக்கிடுவது, ஜிஎஸ்டி பில் போடுவது ஆகியவற்றை அவர் பார்த்துக் கற்கட்டும். அவருக்குப் பின் வருபவரை அவரே தயார்செய்யட்டும். மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் மானியக் கடன்களுக்குத் திட்ட அறிக்கை கேட்பார்கள். அதை எழுத உதவுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு வரை உண்டு. உங்கள் தரம் தெரிந்த ஒருவர் வெளியே பட்டறை வைத்தால், நெருக்கடி மாதங்களில் நம்பி ஜாப் ஒர்க் (வெளியில் கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கொடுக்க ஓரிடம் கிடைக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அவர் விடைபெறும் வாரத்தில், ஐந்தாண்டு முடித்திருந்தால் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளக் கணக்கில் பணிக்கொடையைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். பிஎஃப் தளத்தில் அவர் வெளியேறிய தேதியைத் தாமதமின்றிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். முடிந்தால், அவருடைய லேத் ஓடத் தொடங்கும் முதல் மாதத்துக்கு ஒரு சிறிய ஆர்டரையும் பேசி வையுங்கள்.