பாம்பு கடித்தால்: வன்னி வயல்காரருக்கு

காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் வரம்பில் மிதிபட்டுக் கடிப்பது பெரும்பாலும் முத்திரைப் புடையன்தான். கடித்த இடம் உடனே நோகும், வீங்கும்; இரத்தம் உறையாமற் போகும், சிறுநீரகம் பழுதாகலாம். எட்டடி விரியன் வேறு மாதிரி. இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரையே அது அதிகம் கடிக்கும். பல் தடம் தெரியாமலே போகலாம். நோவும் வீக்கமும் பெரிதாக இராது. வயிற்றுவலி, சத்தி என்று தொடங்கி, கண்ணிமை சரிந்து, விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சுவிடும் தசைகளே சோர்ந்துவிடும். நிலத்தில் படுத்தெழுந்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலியும் இமைச்சரிவும் வந்தால், பாம்பைக் காணாவிட்டாலும் கடி என்றே எடுத்து வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். தசை அசைய அசைய நஞ்சு விரைவாகப் பரவும். மோதிரம், காப்பு, கொலுசு, மணிக்கூடு எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். காலுக்கு இரு பக்கமும் தடி வைத்து, பழைய சாரத்துண்டால் ஒரு விரல் நுழையும் தளர்வில் கட்டுங்கள். இது கால் அசையாதிருக்க மட்டுமே. கடிவாய்க்கு மேலே கயிறு போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒரேயடியாக ஏறும். யாராவது ஏற்கெனவே இறுக்கியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் வைத்தியரிடம் விடுங்கள். கீறவும் வேண்டாம், புடையன் கடியில் அந்த இரத்தம் நிற்காது. அஸ்பிரின், சாராயம் கூடாது. சத்தியோ இமைச்சரிவோ இருந்தால் வாயால் ஒன்றும் கொடுக்காமல் இடப்பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள்.

1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சுணங்குமென்றால் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடிப்பவருக்கும் நடுவில் இருத்திக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடிக்க நிற்காதீர்கள். எட்ட நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் போதும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரியாரியாரிடம் போகும் எண்ணமிருந்தால் வைத்தியசாலையிலிருந்து திரும்பிய பிறகு போகலாம். விஷமுறிவு மருந்து இரத்த நாளம் வழியாக ஏற்றப்படுவது. அதற்குக் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் வைத்தியசாலையில்தான் கொடுக்க முடியும்.

அங்கே 2 மில்லிலீற்றர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்கிறது. உறைந்தாலும் 24 மணிநேரத்துக்கு முன் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். இடையில் மீண்டும் பார்ப்பார்கள். சலம் குறைந்தாலோ சிவந்தாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

காவல் கொட்டிலிலும் நுளம்பு வலை கட்டி, அதன் ஓரத்தைச் சுற்றிவரப் பாயின் கீழ் செருகிவிட்டுப் படுங்கள். இரவில் ரோச் வெளிச்சமில்லாமல் வரம்பில் இறங்காதீர்கள்.